ஆற்றுக்குக் கணக்கு எழுதிய ஜொகூர்

தோட்டத்தில் கணக்கு இல்லாத பொருள் என்று ஒன்று இருந்ததுண்டா? விடியற்காலைப் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்பதற்குச் செக்ரோலில் பதிவு உண்டு. வெட்டிய குலைக்குக் கணக்கு உண்டு. பொறுக்கிய உதிரிப் பழத்துக்கும், வாங்கிய உரத்துக்கும், தெளித்த மருந்துக்கும் கணக்கு உண்டு. ஆலைக்குள் நுழைந்த குலை எத்தனை டன், வெளியே போன எண்ணெய் எத்தனை டன் என்பதற்கும் கணக்கு உண்டு. கிராணியின் பேனாவுக்குத் தப்பியது எதுவும் இல்லை.

ஆனால் அதே ஆலையின் பின்பக்கம் இரவும் பகலும் ஓடிய பழுப்பு நிறக் கழிவுநீருக்கு மட்டும் நெடுங்காலம் கணக்கே இல்லை. அது கால்வாயில் விழுந்தது, கால்வாய் ஆற்றில் கலந்தது, ஆறு கடலுக்குப் போனது. அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இன்று ஒரு நிறுவனம் தன்னால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்பை எப்படிக் குறைப்பது என்ற கேள்வி எழுந்தால் 'சுற்றுச்சூழல் நிர்வாக முறை' என்ற பெயரும், ஐ.எஸ்.ஓ. 14001 என்ற எண்ணும் உடனே வந்து நிற்கின்றன. இவை ஏதோ மேல்நாட்டிலிருந்து நேற்று இறங்கிய சரக்கு என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அந்த எண் பிறப்பதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே மலேசியாவின் செம்பனை ஆலைகள் அந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டன. அந்தப் பாடத்தில் ஜொகூர் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே மாநிலம்தான் நாட்டுக்குக் காட்டியது.

ரப்பர் போய் செம்பனை வந்தது

மலேசியாவில் வணிக முறையிலான முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. ஆனாலும் நெடுங்காலம் ரப்பரே ராஜாவாக இருந்தது. 1960-இல் நாட்டில் செம்பனை பயிரான நிலம் ஏறத்தாழ 55,000 ஹெக்டர்தான். ரப்பர் விலை சரியவே, தோட்ட நிறுவனங்கள் செம்பனைக்கு மாறின. பெல்டா குடியேற்றத் திட்டங்களும் செம்பனையைக் கையில் எடுத்தன. கூலாய் வட்டாரத்துத் தாயிப் அண்டாக் திட்டம் அவற்றில் முன்னோடி. லாயாங் லாயாங் பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் செம்பனை விதை ஆராய்ச்சியில் உலகம் முழுதும் அறியப்பட்டது. 1975-க்குள் நாட்டின் செம்பனைப் பரப்பு 6 லட்சத்து 40 ஆயிரம் ஹெக்டரைத் தொட்டது. 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 12 மடங்கு வளர்ச்சி!

எண்ணெய் பெருகியது, கூடவே கழிவும் பெருகியது. செம்பனைக் குலையை நீராவியில் வேகவைத்து, பழத்தைப் பிரித்து, பிழிந்து, எண்ணெயைத் தெளிய வைக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்குக் குறையாமல் கழிவுநீர் வெளியேறும். அதில் நஞ்சு எதுவும் கலக்கப்படுவதில்லை. பழச்சாறும், நாரும், எஞ்சிய எண்ணெயும்தான் இருக்கும். அப்படியானால் என்ன ஆபத்து?

ஆபத்து மூச்சில் இருக்கிறது. இந்தக் கழிவு ஆற்றில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். தின்பதற்கு அவற்றுக்கு உயிர்வளி வேண்டும். ஆற்று நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை அவை எடுத்துக்கொண்டால் மீனுக்கு மிச்சமிராது. ஒரு லிட்டர் கழிவுநீர் எத்தனை மில்லிகிராம் உயிர்வளியை இப்படி இழுக்கும் என்ற அளவையே 'பி.ஓ.டி.' என்கிறார்கள். சாதாரண வீட்டுச் சாக்கடைக்கு இந்த அளவு சில நூறுதான். செம்பனை ஆலையிலிருந்து சூடாக வெளிவரும் கழிவுநீருக்கோ சுமார் 25,000! அதாவது ஓர் ஆலை, ஒரு சிறு நகரத்தின் சாக்கடைக்குச் சமம். தோட்டத்து ஆற்றில் மீன் பிடித்தும், துணி துவைத்தும், குளித்தும் வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்த எண் தெரியாது. ஆனால் ஆறு நாறியது அவர்களுக்குத் தெரியும்.

10 ரிங்கிட், 100 ரிங்கிட்

1974-இல் நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு அது நடப்புக்கு வந்தது, அதை அமல்படுத்த ஓர் அரசுப் பிரிவும் உருவானது. அதிகாரிகளுக்கு முன்னால் இருந்த சிக்கல் சாதாரணமானதல்ல. செம்பனைதான் நாட்டின் புதிய செல்வம். ஆலைகளை மூடினால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பு போகும். மூடாவிட்டால் ஆறுகள் போகும். போதாக்குறைக்கு, இந்தக் கழிவைச் சுத்திகரிக்க நிரூபணமான முறை எதுவும் அப்போது உலகில் எங்கும் தயாராக இல்லை.

தொழில்துறையினரும் அரசுத் தரப்பினரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிமுறைகள் வெளியாயின. ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும் என்று அவை சொல்லின. 1978 ஜூலை 1 முதல் கழிவுநீரின் பி.ஓ.டி. அளவு 5,000-க்குள் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு 2,000. பிறகு 1,000, அதன் பின் 500, 1982-இல் 250. 1984 தொடக்கத்தில் 100. ஒரே நாளில் மலையைத் தாண்டச் சொல்லாமல் படிக்கட்டு வெட்டிக் கொடுத்தார்கள்.

அதைவிடச் சுவையான செய்தி கட்டணம்தான். முதல் ஆண்டில் ஆற்றில் விடும் கழிவுச் சுமையில், வரம்புக்கு உட்பட்ட பகுதிக்கு டன்னுக்கு 10 ரிங்கிட், வரம்பை மீறிய பகுதிக்கு டன்னுக்கு 100 ரிங்கிட் என்று வைத்தார்கள். ஓர் ஆலை நாளொன்றுக்கு 250 டன் கழிவுநீரை அப்படியே ஆற்றில் விடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் உயிர்வளிச் சுமை 6.25 டன். வரம்புக்குள் 1.25 டன், அதற்குக் கட்டணம் 12 ரிங்கிட் 50 காசு. மீறியது 5 டன், அதற்கு 500 ரிங்கிட். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஒன்றரை லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். 1978-இல் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்றுதான் ஆலைக்குப் பின்னால் ஓடிய கழிவுநீர் முதன்முதலாகக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது. அதுவரை கண்ணில் படாதது, செலவுப் பக்கத்தில் ஏறியதும் நிர்வாகியின் கண்ணில் பட்டது. அளந்தார்கள். மாதிரி எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அறிக்கை கொடுத்தார்கள். குறைப்பது எப்படி என்று யோசித்தார்கள்.

குளம் கற்றுக் கொடுத்தது

விடை விலை உயர்ந்த இயந்திரமாக வரவில்லை. குளமாக வந்தது! ஆலைக்குப் பக்கத்தில் வரிசையாகக் குளங்களை வெட்டி, கழிவுநீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல நகர்த்தினார்கள். முதலில் ஆற வைக்கும் குளம். அடுத்து, உயிர்வளி இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும் ஆழமான குளங்கள். கடைசியில் காற்றுப் படும் ஆழமற்ற குளங்கள். ஆற்றில் போய்ச் செய்த வேலையை நுண்ணுயிர்கள் ஆலையின் எல்லைக்குள்ளேயே செய்து முடித்தன. பல வாரங்கள் கழித்து வெளியேறும் நீரில் பெரும்பகுதிச் சுமை குறைந்திருந்தது. இன்றும் கூலாய், குளுவாங் வட்டாரச் சாலைகளில் போகிறவர்கள் ஆலைகளை அடுத்து இத்தகைய குளங்களைப் பார்க்கலாம்.

கழிவு என்று கொட்டியதெல்லாம் பொருளாகவும் மாறியது. தெளிந்த கழிவுநீர் தோட்டத்துக்கு உரமானது. வெறும் குலை மரத்தடியில் பரப்பப்பட்டது. நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாயின. குளங்களிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயு வீணாகிறதே என்று சிலர் யோசித்தார்கள். அதைப் பிடித்து எரிபொருளாக்கும் முயற்சி ஜொகூரின் மாசாயில் 1980-களிலேயே தொடங்கியது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இந்த மீத்தேனைக் குறித்து உலகம் பரவலாகக் கவலைப்படத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். 2014 முதல், புதிதாக அமையும் ஆலைகளும் விரிவடையும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்கும் வசதியை அமைக்க வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை விதித்தது.

விளைவு என்ன? 1975-இல் நாட்டின் எண்ணெய் உற்பத்தி சுமார் 12.6 லட்சம் டன். 1985-இல் அது 41 லட்சம் டன்னைத் தாண்டியது. உற்பத்தி மூன்று மடங்குக்கு மேல் பெருகிய அதே காலத்தில், ஆலைகள் ஆற்றில் இறக்கிய கழிவுச் சுமையோ பெரிதும் குறைந்தது. சுற்றுச்சூழலைப் பார்த்தால் தொழில் நசிந்துவிடும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

சான்றிதழ் காலம்

செம்பனை ஆலைகள் சட்டத்தின் கட்டாயத்தால் கற்றதை, உலக நிறுவனங்கள் தாமாகவே கடைப்பிடிக்க ஒரு பொது முறை வேண்டும் என்ற பேச்சு 1990-களில் எழுந்தது. 1992-இல் பிரேசிலின் ரியோ நகரில் புவி உச்சிமாநாடு நடந்தது. அதே ஆண்டு பிரிட்டன் பி.எஸ். 7750 என்ற தரத்தை வெளியிட்டது. அந்த வழியில் நடந்து, 1996-இல் அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ்.ஓ. 14001-ஐ வெளியிட்டது. 2004-இலும் 2015-இலும் அது திருத்தப்பட்டது.

இந்த முறையின் சாரம் மிக எளிது. நிறுவனம் தன் வேலைகளில் எது எது நிலத்தையும் நீரையும் காற்றையும் தொடுகிறது என்று பட்டியல் போட வேண்டும். எந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கிறோம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். இலக்கு வைக்க வேண்டும். யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். அளந்து, தணிக்கை செய்து, தவறு கண்டால் திருத்தி, மேலிடம் அதைத் திட்டமிட்ட இடைவெளிகளில் பரிசீலிக்க வேண்டும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரட்டும் செக்ரோலும் தெரிந்த எவருக்கும் இது புரியாத வித்தையல்ல.

ஏற்றுமதியை நம்பிய தொழிற்சாலைகள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்டதால் இந்தச் சான்றிதழை நாடின. செம்பனைத் துறையில் 2004-இல் நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை என்ற ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பு தோன்றியது. ஜொகூர் அரசின் ஜே-கார்ப் குழுமத்தைச் சேர்ந்த கூலிம் நிறுவனம் 2009-இல் அதன் சான்றிதழைப் பெற்றது. எம்.எஸ்.பி.ஓ. எனும் மலேசியாவின் சொந்தச் சான்றிதழ் முறை 2020 முதல் கட்டாயமானது.

சுவரில் சான்றிதழ்கள் பெருகின. ஆறுகள் பிழைத்தனவா?

கிம் கிம் ஆற்றின் கேள்வி

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, மாசாயைத் தாண்டினால் பாசீர் கூடாங். 1977-இல் ஜொகூர் துறைமுகம் அங்கே திறக்கப்பட்ட பிறகு, மீனவர் கிராமங்களும் தோட்டங்களும் இருந்த இடத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இரசாயனத் தொழிற்சாலைகளும் எழுந்தன. தோட்டங்களை விட்டு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தத் தொழிற்பேட்டை வேலை கொடுத்தது. அதன் பக்கத்திலேயே ஓடுகிறது கிம் கிம் ஆறு.

2019 மார்ச் 7-ஆம் தேதி, அந்த ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டிருந்த இரசாயனக் கழிவிலிருந்து நச்சு வாயு கிளம்பியது. தாமான் பாசீர் பூத்தே வட்டாரப் பள்ளிகளில் மாணவர்கள் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்துச் சாய்ந்தார்கள். அடுத்த சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை தேடி வந்தனர். மார்ச் 13-ஆம் தேதி பாசீர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஜூன் மாதம் மீண்டும் மாணவர்கள் பாதிக்கப்பட, 475 கல்வி நிலையங்கள் மூடப்பட்டன.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அபாயகரமான கழிவுகளுக்கு 1989-லேயே தனி விதிமுறைகள் வந்தன. 2005-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. அவற்றின்படி, தொழிற்சாலை அத்தகைய கழிவை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, 20 டன்னுக்கு மேல் சேர்க்கவும் கூடாது. உரிமம் பெற்றவர் மூலமே அனுப்ப வேண்டும். அனுப்பியவர், ஏற்றியவர், பெற்றுக்கொண்டவர் மூவரின் பதிவும் வேண்டும். 1998 முதல் நெகிரி செம்பிலானின் புக்கிட் நானாஸில் இத்தகைய கழிவைப் பாதுகாப்பாக அழிக்கும் மையம் இயங்கி வருகிறது. ஆனால் முறைப்படி அழிக்கச் செலவு உண்டு. இருட்டில் ஆற்றங்கரையில் கொட்டினால் செலவே இல்லை.

இங்கேதான் 1978-இன் பாடம் திரும்பி வருகிறது. செம்பனை ஆலையின் கழிவு ஓரிடத்தில் இருந்தது. அளப்பவர் ஆலைக்குப் போனால் போதும். பாசீர் கூடாங்கின் கழிவுக்கோ சக்கரம் முளைத்துவிட்டது. வாசலைத் தாண்டி லாரியில் ஏறியதும் அது யாருடைய கணக்கு? அந்தக் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில்தான் பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள்.

அடுத்த மாதமே இன்னோர் எச்சரிக்கை வந்தது. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா அளவு உயர்ந்ததால், கோத்தா திங்கியில் சிங்கப்பூர் நடத்தும் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சில நாள் நிறுத்தப்பட்டது. 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளும் ஆறு அது. ஜொகூர் மக்களின் குடிநீரும் அதுவே. ஓர் ஆறு கெட்டால் இரண்டு நாடுகளின் குழாய்கள் தவிக்கும்.

அபாயகரக் கழிவைக் கொட்டுவோருக்கு அப்போது சட்டம் வைத்திருந்த உச்ச அபராதம் 5 லட்சம் ரிங்கிட். கிம் கிம் ஆற்றைச் சுத்தம் செய்யவே அதைவிடப் பல மடங்கு செலவானது. இந்த முரண்பாடு நாடு முழுதும் பேசப்பட்டது. சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூலை 7 முதல் உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை உயர்ந்தது. தவறு செய்வது, சரியாகச் செய்வதைவிட மலிவாக இருக்கும் வரை எந்த நிர்வாக முறையும் காகிதத்தில்தான் இருக்கும் என்பதை நாடு மிகுந்த விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அலுவலகத்துக்கும் உண்டு ஓர் ஆறு

இதெல்லாம் ஆலைகளின் கதை, குளிரூட்டிய அறையில் கணினி முன் அமர்ந்திருக்கும் வழக்கறிஞருக்கும் கணக்காய்வாளருக்கும் பொறியாளருக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஜொகூர் பாருவின் மாடிக் கட்டடங்களில் புகைபோக்கி இல்லைதான். ஆனால் மின்கட்டண ரசீது இருக்கிறது. காகிதம் இருக்கிறது. மை தீர்ந்த பெட்டிகள் இருக்கின்றன. பழைய கணினிகளும் பேட்டரிகளும் இருக்கின்றன. 2005 விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவும் அபாயகரக் கழிவுப் பட்டியலில்தான் வருகிறது என்பது பல அலுவலகங்களுக்கே தெரியாத செய்தி.

இத்தகைய நிறுவனம் எங்கே தொடங்குவது? தோட்டத்துக் கிராணி தொடங்கிய இடத்தில்தான். கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகளை ஒரே தாளில் வரிசையாக எழுதினால் எந்த மாதம் ஏறியது, ஏன் ஏறியது என்று தெரிந்துவிடும். எத்தனை ரீம் காகிதம் வாங்கினோம், எத்தனை பயணம் காரில் போனோம் என்று எழுதினால் எதைக் குறைக்கலாம் என்பது தானே புலப்படும். 'காகிதத்தைச் சேமிப்போம்' என்று சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. 'இந்த ஆண்டு 100 ரீம், அடுத்த ஆண்டு 80 ரீம், இதற்குப் பொறுப்பு இன்னார்' என்று எழுதுவதில்தான் பயன் இருக்கிறது. 5,000-இலிருந்து 100 வரை செம்பனை ஆலைகள் படிப்படியாக இறங்கியது இப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. தொழில்முறை நிறுவனங்களின் பெரிய பாதிப்பு அவர்களுடைய அலுவலகத்தில் இல்லை, அவர்களின் கையொப்பத்தில் இருக்கிறது. தொழிற்சாலையை வரைகிற பொறியாளர், ஒப்பந்தம் எழுதுகிற வழக்கறிஞர், செலவுக் கணக்கைச் சரிபார்க்கிற கணக்காய்வாளர் ஆகிய மூவரும் கேட்கத்தக்க ஒரு கேள்வி உண்டு: "இந்த இடத்தின் கழிவு வாசலைத் தாண்டிய பிறகு எங்கே போகிறது? போய்ச் சேர்ந்ததற்குச் சீட்டு எங்கே?" அவர்கள் கேட்டால் முதலாளி பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 14001-இன் 2015-ஆம் ஆண்டுத் திருத்தமும் இதையே வலியுறுத்துகிறது. வெளியாரிடம் ஒப்படைத்த வேலையையும், பொருளின் பிறப்பு முதல் முடிவு வரையிலான பாதையையும் நிறுவனம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் தரநூல் சொல்வதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. லாரி ஏறும்போது அளந்தவர், இறங்கும் இடத்திலும் அளந்தார்களா என்று விசாரித்தால்தான் நடக்கும்.

அன்று ஒவ்வொரு குலைக்கும் கணக்கு வைத்த தோட்டம், ஆற்றுக்குக் கணக்கு வைக்க 60 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வைத்த பிறகு ஆறுகள் தெளியத் தொடங்கின. பாசீர் கூடாங்கில் அந்தக் கணக்கு வாசலோடு நின்றது. அதன் விலையைக் கொடுத்தவர்கள், காலையில் புத்தகப் பையோடு பள்ளிக்குப் போன பிள்ளைகள். இனி சான்றிதழைச் சுவரில் மாட்டும் ஒவ்வொரு நிறுவனமும் அந்தப் பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துக்கொண்டு, தன் வாசலுக்கு வெளியே போகும் லாரியையும் கணக்கில் எழுதட்டும்.